என் ஒப்பாரி ஸ்டிக்கர் ஆன கதை

1

போன வாரம் லீலா சேச்சிக்கு முதல் வருட நினைவு நாள். காலையில் பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு போனைப் பார்த்தேன். எங்கள் தெருவின் வாட்ஸப் குழுவில் சேச்சியின் மகன் பிஜு அம்மாவின் படத்தைப் போட்டு ஒரு வரி எழுதியிருந்தான். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள், பூக்கள், விளக்குகள். நடுவில் ஒருவர், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர், ஒரு ஸ்டிக்கர் போட்டிருந்தார். முடி அவிழ்ந்து கிடக்க, வாயைப் பிளந்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஒரு நடுவயதுப் பெண் அலறுகிறாள்.

அந்தப் பெண் நான்தான். அந்த ஸ்டிக்கர் பிறந்ததே லீலா சேச்சியின் சாவு வீட்டில்தான். போட்டவருக்கு இரண்டுமே தெரியாது. பாவம், அவர் துக்கத்தைத்தான் சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்த யாரோ அவரிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வந்து பார்ப்பதற்குள் அழித்துவிட்டார்.

வெளிநாடு போனவர்கள் ஊருக்கு எழுதும் குறிப்புகளை நானும் ஆசையாகப் படிப்பவள். பனி, விசா, பாஷை தெரியாமல் முழித்தது என்று என்னென்னவோ எழுதுவார்கள். நான் கடல் தாண்டவில்லை. கல்யாணம் முடிந்து ஆரல்வாய்மொழியைத் தாண்டினேன், பிறகு களியக்காவிளை. திருநெல்வேலியில் காலை இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதியச் சோற்றுக்குத் திருவனந்தபுரம். இதுவும் ஒரு வெளிநாடா என்று நீங்கள் சிரிக்கலாம். பாஸ்போர்ட் கேட்கவில்லையே தவிர மற்ற எல்லாவற்றையும் இங்கே கேட்டார்கள். எந்த மனுவிலும் முதலில் வீட்டுப் பெயர் எழுத வேண்டும். மலையாளிக்கு வீட்டுக்கு ஒரு பெயர் உண்டு, அது தலைமுறையாகக் கூடவே வரும். நமக்கு ஏது? என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் பொறுமை இழந்து கடைப் பெயரையே வீட்டுப் பெயராக எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சர்க்கார் கணக்கில் நான் ஒரு பாத்திரக் கடையில் குடியிருக்கிறேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். ஆனால் போன மாதம் என் கூடப்பிறந்த கோமதியக்கா போய்விட்டாள். அவளுக்காக என்னால் அழ முடியவில்லை. அந்த ஸ்டிக்கரை நினைத்தால் இப்போது சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை, பயம்தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

2

லீலா சேச்சி கரமனையில் எங்களுக்கு அடுத்த வீடு. பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். நான் புதுப்பெண்ணாக வந்தபோது பஸ்ஸின் போர்டைப் படிக்கத் தெரியாமல் நின்ற என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து மலையாள எழுத்து சொல்லித் தந்தவர். என் மகள் கார்த்திகா பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா ஸ்தானத்தில் நின்றவரும் அவர்தான். சாவுச் செய்தி வந்தபோது நான் கடையில் இருந்தேன். ஆட்டோ பிடித்து ஓடி வந்தேன்.

நம் பக்கத்தில் சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் பெண்கள் எப்படிப் போவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், இப்போது சின்னஞ்சிறுசுகளுக்குத் தெரியாது. வாசலுக்கு முன்னாலேயே குரல் எடுக்க வேண்டும். கைகளை விரித்துக்கொண்டே நடக்க வேண்டும். அந்தக் குரல் கேட்டதும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி எழுந்து வந்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு பதில் குரல் கொடுப்பாள். அதற்கப்புறம்தான் கையை மடக்கலாம். யார் கட்டுவது என்று யாரும் சொல்லி வைப்பதில்லை. யாராவது கட்டாயம் வருவார்கள்.

நான் கேட்டைத் திறந்ததும் குரல் எடுத்தேன். எடுக்க வேண்டும் என்று யோசித்து எடுக்கவில்லை, அது பாட்டுக்கு வந்தது.

“எழுத்துச் சொல்லித் தந்தவளே, என்னைப் பெறாத தாயே,
ஏடெடுத்து நான் வந்தேன், எழுந்து கொஞ்சம் பாராயோ,
ஒத்தச் சொல்லு சொல்லாம உறங்கத்தான் போனாயோ...”

முற்றத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். மலையாளிகளுக்கு அழத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தெருவில் எல்லாரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டுதான் இருந்தார்கள். என் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு வழி விட்டார்கள். மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். ஒருவரும் வந்து கட்டவில்லை. என் கைகள் அப்படியே காற்றில் நின்றன. கட்டுவதற்கு ஆள் வராமல் கையைக் கீழே போடுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கனடாவிலிருந்து பிஜுவால் உடனே வர முடியவில்லை. அவன் பார்ப்பதற்காக வராந்தாவில் ஒரு போனை ஸ்டாண்டில் நிறுத்தி லைவ் போட்டிருந்தார்கள். இங்கே இப்போது அது சாதாரண வழக்கம். அந்த லைவிலிருந்து எந்தப் புண்ணியவானோ என்னை மட்டும் வெட்டி எடுத்துவிட்டான்.

3

முதலில் பார்த்தது கார்த்திகாதான். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு கம்பெனி வண்டியில் ஏறுவாள், மாட்டியபடியே இறங்குவாள். பேச்சு பாதிக்கு மேல் மலையாளம். என்னிடம் பேசும்போது மட்டும் தமிழை இழுத்துக்கொண்டு வருவாள்.

“அம்மா, அம்மா வைரலாயி!” என்று போனைக் காட்டினாள்.

விரித்த கைகளோடு நான். பின்னால் செண்டை மேளம் சேர்த்திருந்தார்கள். நான் மூச்சு வாங்கும் இடத்தில் சரியாக இலத்தாளத்தின் ‘ஜல்’ என்ற சத்தம். மேலே மலையாளத்தில், ‘சம்பளம் வந்த மறுநாள்’. அடுத்ததில், ‘திங்கள்கிழமை காலை’. இன்னொன்றில், ‘பந்தெல்லாம் வலைக்குள் போகும்போது நம் கோல்கீப்பர்’. ஒரு வாரத்தில் ஸ்டிக்கர் வந்தது. அதில் என் புடவை நிறம் மாறி, முகம் கார்ட்டூனாகி, கண்ணீர் நீலச் சொட்டுகளாகத் தெறித்தது.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றேன்.

“யாருக்கும் அது அம்மான்னு தெரியாதல்லோ. தெரிஞ்சாத்தானே அது அம்மா? இது வெறும் ஒரு மூஞ்சி. பிரச்னை அம்மாவோட மனசுல மாத்திரம்தான்.”

“மனசுல மட்டும் இருந்தா அது இல்லாத பொருளாட்டீ?”

அவள் தோளைக் குலுக்கினாள். அவளும் தன் நண்பர்களுக்கு அந்த ஸ்டிக்கரை அனுப்புகிறாள் என்பது பிறகு ஒருநாள் தெரிந்தது. நான் முறைத்தபோது அவள் சொன்ன பதிலை இன்றும் மறக்க முடியவில்லை.

“எல்லாரும் இடும்போ நான் மட்டும் இடாம இருந்தா சம்சயம் வராதா அம்மா?”

என்னைக் காப்பாற்றத்தான் என்னை அனுப்புகிறாளாம். அவள் அறைக்குள்ளிருந்து எப்போதாவது அந்தச் செண்டையும் என் அலறலும் கேட்கும். நான் அடுக்களையில் மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.

வீட்டுக்காரர் சொல்லிப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனேன். அங்கே இருந்த அதிகாரி சின்ன வயசு, தன்மையானவர். வீட்டுப் பெயர் கேட்டார். பாத்திரக் கடையைச் சொன்னேன். போனை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

“சேச்சி, இது சேச்சி தன்னெயாணோ?”

நீங்களேதானா என்கிறார். ஆமாம் என்றேன். இப்போது இது வரைந்த படமாகிவிட்டதே, முகம் உங்களுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது என்று சங்கடத்தோடு கேட்டார். ஆதார் அட்டையை நீட்டினேன். அதில் இருக்கும் முகத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள், உங்கள் அட்டையிலும் அப்படித்தான் இருக்கும். பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. அட்டையில் இருந்தவளைவிட ஸ்டிக்கரில் இருந்தவளுக்குத்தான் என் ஜாடை அதிகம். வேண்டுமானால் இங்கேயே ஒருதரம் அழுது காட்டட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, அதைச் சொல்லும் அளவுக்கு என் மலையாளத்துக்கு வேகம் இல்லை. மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். நான் படியிறங்கும்போது உள்ளே யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அதுவும் என் மனசுக்குள் மட்டும் கேட்டதோ என்னவோ.

4

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாமல் போனதற்கு வேறு காரணம்.

அன்றைக்குக் கேட்டைத் திறந்தபோது நான் பார்த்தது லீலா சேச்சியின் முகம். மூக்கில் பஞ்சு, நெற்றியில் சந்தனம். அந்த முகத்தை நினைவில் கொண்டுவரப் பார்க்கிறேன், வருவதில்லை. அதற்குப் பதிலாக வராந்தாவில் நின்ற போன் என்ன பார்த்ததோ அதுதான் வருகிறது. நான் என்னையே எதிரே நின்று பார்க்கிறேன். புடவை விலகியிருக்கிறது, வாய் கோணியிருக்கிறது. என் துக்கம் என் கண் வழியாக எனக்கு நினைவில்லை. ஊர் பார்த்த கண் வழியாகத்தான் இருக்கிறது. சேச்சி அதில் இல்லவே இல்லை, வெட்டி எடுத்தவன் அவரை வெளியே விட்டுவிட்டான்.

அப்புறம் சந்தேகம் தொடங்கியது. அன்று நான் நிஜமாகத்தான் அழுதேனா? அந்த வரிகள் எங்கிருந்து வந்தன? அந்தக் கை விரிப்பு யாருடையது?

யாருடையது என்று தெரியும். கோமதியக்காவுடையது. பாளையங்கோட்டை வீட்டுப் பின்கட்டில் நாங்கள் இருவரும் சாவு வீட்டு விளையாட்டு விளையாடுவோம். ஒரு வெள்ளரிக்காய்க்குத் துண்டு போர்த்திப் படுக்க வைப்போம், அதுதான் பிணம். அக்கா கிணற்றடியிலிருந்து கையை விரித்துக்கொண்டு அழுதபடி வருவாள். நான் எழுந்து ஓடிப்போய்க் கழுத்தைக் கட்ட வேண்டும். தெருவில் நடந்த ஒவ்வொரு சாவிலிருந்தும் அக்கா ஒரு வரி பிடித்துக்கொண்டு வருவாள். மேலத்தெரு ஆச்சி மூக்கைச் சிந்துவதைக்கூட அப்படியே செய்து காட்டுவாள். நான் சிரித்து விழுவேன். அம்மா பார்த்துவிட்டு, வீடு விளங்குமா என்று இரண்டு பேர் முதுகிலும் போடுவாள். பிறகு அந்த வெள்ளரிக்காயை அரிந்து பச்சடி வைப்பாள்.

ஆக, நாங்களும் அதைத்தான் செய்திருக்கிறோம். அடுத்தவள் அழுததைப் பிடித்து, செய்து, சிரித்து, கடைசியில் அதே அழுகையை எங்கள் அழுகையாக வைத்துக்கொண்டோம். அப்படியிருக்க ஸ்டிக்கர் போட்டவனை எந்த வாயால் திட்டுவது? எனக்கென்று ஒரு அழுகை எங்கேயாவது தனியாக இருக்கிறதா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சாம்பார் தாளிக்க முடியாது. இரண்டு தரம் கடுகைக் கருக்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வைத்தியத்துக்காக இங்கே வந்தாள். நம் ஊர்க்காரர்களுக்கு உடம்புக்குப் பெரிதாக வந்தால் திருவனந்தபுரத்துக்கு வருவது வழக்கம்தானே. எங்கள் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். டாக்டர்கள் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னதை நான் தமிழில் இன்னும் மெதுவாகச் சொன்னேன். பாதியைச் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு மத்தியானம் கார்த்திகாவைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, ஒங்கம்மா அழுத படம் ஒண்ணு ஊரெல்லாம் ஓடுதாமே. எனக்குக் காட்டு.”

கார்த்திகா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் காட்டிவிட்டாள். செண்டை இல்லாத பழைய வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டினாள், அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“நல்லாத்தான் அழுதிருக்க. மூணாவது வரியில மட்டும் மூச்ச விட்டுட்ட.”

“யக்கா, ஊரே சிரிக்குது, நீ மார்க்கு போடுத.”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ. அது கெடக்கட்டும். கையி அந்தரத்துல நிக்கே, ஒருத்திகூட வந்து கட்டலியா?” அவள் முகம் சுருங்கியது. “பாவம்ட்டி நீ. அங்கன நான் இல்லாமப் போயிட்டேனே.”

இத்தனை மாதமாக எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். அந்தக் கைகள் எதற்காகக் காத்திருந்தன என்று பார்த்தவள் அக்கா ஒருத்திதான். நான் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன்.

“நான் போனா நீ இப்படித்தான் வரணும், கேட்டியா. வாசல்லயிருந்தே கொரலெடுத்துட்டு வா. மத்தவளுவ அழுததெல்லாம் எனக்குக் கணக்கில்ல.”

“வாயக் கழுவுக்கா,” என்றேன். கார்த்திகா நிலைப்படியில் சாய்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீடியோ அவள் கையில் மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

5

அக்கா பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போய்த்தான் இறந்தாள். வீட்டுக்காரரும் நானும் உடனே வாடகைக் காரில் கிளம்பினோம். கார்த்திகாவுக்கு வேலையை விட்டு எழுந்து வர முடியவில்லை, பின்னால் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். வழி நெடுக நான் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் குரல் எடுக்க வேண்டும். வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதாவது மறுத்துச் சொல்லவில்லை.

பந்தல் தெரிந்தது. உள்ளே இருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார்கள். சித்தி முதலில் வந்தாள், கட்டிக்கொள்ளத் தயாராக. இங்கே ஆள் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். உள்ளே செண்டை அடித்தது. எதிரே நின்று என்னை நானே பார்த்தேன், இதோ வாய் கோணப்போகிறது, இதோ புடவை விலகப்போகிறது. கை எழும்பவில்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, கரமனைத் தெருக்காரர்கள் போலவே சத்தமில்லாமல் நடந்து போய் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

“மலையாளத்துக்குப் போயி கல்லாப் போயிட்டா,” என்று யாரோ சொன்னார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். எனக்குள் எவ்வளவு துக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே வராதது இருந்ததாக யார் ஒப்புக்கொள்வார்கள்? நானே கொஞ்ச நேரத்தில் ஒப்புக்கொள்வதை நிறுத்திவிட்டேன். கல்லாகத்தான் போய்விட்டேன் போலிருக்கிறது என்று அக்காவின் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஒரு குரல் கேட்டது.

“எழுத்துச் சொல்லித் தந்தவளே, என்னைப் பெறாத தாயே...”

கார்த்திகா. ஜீன்ஸும் குர்த்தாவும், தோளில் கம்பெனிப் பை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பந்தலுக்குள் வருகிறாள். என் குரல். என் இழுப்பு. தமிழ் எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாத பெண் ஒரு சொல் பிசகாமல் சொல்கிறாள். மூன்றாவது வரியில் மூச்சு உடைந்தது, நான் உடைத்த அதே இடத்தில்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “கோமதி இவளுக்கு எப்ப எழுத்துச் சொல்லிக் குடுத்தா?” என்றாள் சித்தி. அது அக்காவுக்கான பாட்டே இல்லை, லீலா சேச்சிக்கு நான் பாடியது. பந்தலுக்குக் கீழே நின்ற இளவட்டங்களில் ஒருத்தன் அந்த வீடியோவை எங்கோ பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவனை இடித்தான். இன்னொருவன் போனை உயர்த்தினான். கேலி செய்கிறாளா, நிஜமா என்று தெரியாமல் யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கும் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அவள் அறைக்குள்ளிருந்து பல மாதமாகக் கேட்ட சத்தம் அது. அவள் கைகள் காற்றில் நின்றன.

அந்தக் கைகள் எவ்வளவு கனக்கும் என்று அந்தப் பந்தலில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். வெள்ளரிக்காய்க்கு அழுத காலத்தில் அக்காவைக் கட்டியது போலவே கட்டினேன். பதில் குரல் தானாக வந்தது. என்ன பாடினேன் என்று நினைவில்லை. போன் பிடித்தவன் எடுத்திருந்தால் அவனிடம் இருக்கும்.

மறுநாள் காரில் திரும்பினோம். வீட்டுக்காரர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தார். களியக்காவிளை தாண்டி கடைகளின் போர்டுகள் மலையாளத்துக்கு மாறிய பிறகு கார்த்திகா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

“அம்மா, நேத்து நான் செய்தது செரியா?”

அழுதது என்று சொல்லவில்லை, செய்தது என்றாள். நிஜமாக அழுதாயா என்று கேட்க வாய் வரை வந்தது. அதை என்னிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். சரியா தப்பா என்று மார்க்குப் போட வேண்டியவள் நேற்றுப் போய்விட்டாள்.

“நல்லாத்தான் அழுத,” என்றேன். “மூணாவது வரியில மட்டும் மூச்ச விட்டுட்ட.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாறசாலை தாண்டும் வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.